நடுராத்திரி விருந்தைத் தாண்டி: பெண்கள் போர்டிங் ஸ்கூல் கதைகளைத் திரும்பப் படிக்க ஓர் அறிமுகம்

பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி புது யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நிற்கிறாள். பழுப்பு கோட், பழுப்புத் தொப்பி, அதில் ஆரஞ்சு ரிப்பன். இன்னும் கொஞ்ச நேரத்தில் ரயிலேறி, இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் கார்ன்வால் கடற்கரையில் இருக்கும் ஒரு விடுதிப் பள்ளிக்குப் போகப் போகிறாள். பெயர் டாரல் ரிவர்ஸ். 1946-இல் எனிட் பிளைட்டன் எழுதிய, ஆறு புத்தகங்கள் கொண்ட மாலரி டவர்ஸ் வரிசையின் முதல் புத்தகம் இப்படித்தான் தொடங்குகிறது. பெண்கள் போர்டிங் ஸ்கூல் கதை என்னும் வகையில் நம்மூரில் அதிகம் பேர் படித்ததும் இந்த வரிசையாகத்தான் இருக்கும்.

கான்வென்ட் பள்ளி நூலகத்திலோ, தெருமுனை லெண்டிங் லைப்ரரியிலோ அட்டை கிழிந்த பிரதியை எடுத்துப் படித்த தலைமுறை இப்போது தங்கள் பெண்களுக்காக அதே புத்தகங்களை வாங்குகிறது. வாங்கிக் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்க முடிவதில்லை, நாமும் புரட்டிப் பார்க்கிறோம். பார்த்தால் வேறொரு புத்தகம் கையில் இருப்பதுபோல் இருக்கிறது. ஏன் அப்படி இருக்கிறது என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. இந்தக் கதைகளைப் படிக்காதவர்களுக்கும் புரியும்படி அடிப்படையிலிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் பள்ளியின் அமைப்பு. பிரிட்டிஷ் பள்ளி வருஷத்தில் மூன்று டெர்ம்: இலையுதிர் காலம், வசந்தம், கோடை. பெரும்பாலும் ஒரு புத்தகம் ஒரு டெர்மோடு முடிந்துவிடும். வகுப்புக்கு ஃபார்ம் என்று பெயர். முதல் ஃபார்மில் சேரும் பெண் ஆறாவது ஃபார்மை முடிக்கும்போது பதினெட்டு வயதை எட்டியிருப்பாள். மாலரி டவர்ஸில் நாலு மூலையிலும் நாலு கோபுரங்கள், ஒவ்வொரு கோபுரமும் ஒரு விடுதி. டாரல் வடக்குக் கோபுரத்துப் பெண். படுக்கைக்கூடத்துக்கு மேட்ரன் பொறுப்பு. ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு லீடர், பள்ளி முழுவதற்கும் ஒரு தலைமை மாணவி. குளிர்காலத்தில் லக்ராஸ், அதாவது வலை கட்டிய நீளக் குச்சியால் பந்தைப் பிடித்து எறியும் ஆட்டம். கோடையில் டென்னிஸ், அப்புறம் நீச்சல். மாலரி டவர்ஸின் நீச்சல் குளம் பாறையைக் குடைந்து செய்தது. கடல் அலையே வந்து அதை நிரப்பிவிட்டுப் போகும். சிறுவயதில் அந்தக் குளத்தின்மேல் ஆசைப்படாதவர்கள் யாரையும் நான் பார்த்ததில்லை.

அடுத்து மனிதர்கள். கதாநாயகி நல்ல பெண், ஆனால் ஒரு குறை இருக்கும், டாரலுக்கு முன்கோபம். குறும்புக்காரி ஒருத்தி, பயந்தாங்கொள்ளி ஒருத்தி, பணத்தைக் காட்டி அலட்டுகிறவள் ஒருத்தி. கண்டிப்பான வகுப்பாசிரியை. எதைச் சொன்னாலும் நம்பி ஏமாறும் பிரெஞ்சு டீச்சர், அவரைத்தான் மாம்செல் என்பார்கள். அவர் வகுப்பில் காது கேட்காததுபோல் நடித்து அவரைத் தொண்டை கிழியக் கத்த வைப்பது ஒரு பெரிய பொழுதுபோக்கு. எல்லாருக்கும் மேலே, அதிகம் பேசாத தலைமை ஆசிரியை. புதுப் பெண்களிடம் டெர்மின் தொடக்கத்தில் ஒரு சின்னப் பேச்சுப் பேசுவார்: பரீட்சையில் முதல் வருகிறவர்களை அல்ல, நம்பி ஒரு வேலையை ஒப்படைக்கக்கூடிய, இரக்கமுள்ள பெண்களாக வெளியே போகிறவர்களைத்தான் எங்கள் வெற்றி என்று எண்ணுகிறோம் என்று. அந்தப் பேச்சு டாரலின் நெஞ்சில் அப்படியே பதிந்துபோகிறது.

இது தவிர, எந்த நோட்டீஸ் போர்டிலும் ஒட்டாத சில சட்டங்கள் உண்டு. டீச்சரிடம் கோள் சொல்லக் கூடாது. தப்புச் செய்தால் எழுந்து நின்று ஒத்துக்கொள்ள வேண்டும். அலட்டக் கூடாது. அம்மாவை நினைத்து எல்லார் முன்னாலும் அழக் கூடாது. மீறினால் தண்டனை கொடுப்பது டீச்சர் அல்ல, வகுப்பே. ஒரு வாரமோ பத்து நாளோ அவளோடு யாரும் பேசமாட்டார்கள். இந்தச் சட்டங்கள்தான் கதையை ஓட்டுகின்றன என்பது சின்ன வயதில் தெரியாது. நாம் நடுராத்திரியில் ஒளிந்து நடத்தும் விருந்தையும் வேடிக்கையையும் தேடிப் பக்கம் புரட்டிக்கொண்டிருந்தோம்.

சரி, இப்படி ஒரு கதை வகை எங்கிருந்து வந்தது? பெண்கள் பள்ளியை வைத்து ஆங்கிலத்தில் எழுதிய முதல் நாவலாகப் பலர் குறிப்பிடுவது 1749-இல் சாரா ஃபீல்டிங் எழுதியதை. ஒன்பது பெண்கள், ஓர் ஆசிரியை; ஆப்பிள் பழத்துக்காகப் பெண்கள் தலைமுடியைப் பிடித்துச் சண்டை போடுவதில் கதை தொடங்கும். ஆனால் அதில் அறிவுரைதான் அதிகம். உண்மையான தொடக்கத்துக்குப் பள்ளிகளே முதலில் வரவேண்டியிருந்தது. 19-ஆம் நூற்றாண்டின் பாதிவரை வசதியான ஆங்கிலேயக் குடும்பத்துப் பெண்ணுக்குப் படிப்பு என்றால் வீட்டோடு ஒரு கவர்னஸ் (வீட்டிலேயே தங்கிச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியை), கொஞ்சம் பியானோ, கொஞ்சம் ஓவியம், கொஞ்சம் பிரெஞ்சு. லண்டனில் 1850-இல் நார்த் லண்டன் காலிஜியட், 1853-இல் செல்ட்டனம் லேடீஸ் காலேஜ், ஸ்காட்லாந்தில் 1877-இல் செயின்ட் லெனார்ட்ஸ், 1885-இல் ரோடீன் என்று வரிசையாகத் தொடங்கிய பள்ளிகள்தான் பெண்களுக்குக் கணக்கையும் லத்தீனையும் மைதானத்தையும் கொடுத்தன. (யாழ்ப்பாணத்தில் உடுவில் மகளிர் விடுதிப் பள்ளியை அமெரிக்க மிஷனரிகள் தொடங்கியது 1824-இல். செல்ட்டனத்துக்கும் 29 வருஷம் முன்னால். அங்கே படித்த பெண்களின் கதையை யாராவது இப்படி ஆறு புத்தகமாக எழுதியிருக்கக் கூடாதா என்று எனக்கு ஆதங்கம் உண்டு.)

பள்ளிகள் வந்ததும் கதைகளும் வந்தன. எல். டி. மீட் 1886-இல் ஒன்று எழுதினார். ஆனால் இந்த வகையை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தவர் ஆஞ்சலா பிரேசில். 1906-இல் வந்த அவருடைய முதல் பள்ளிக் கதையில் பெரியவர்களின் பார்வை பின்னுக்குப் போய், பெண் பிள்ளையின் பார்வையும் பேச்சும் முன்னுக்கு வந்தன. அவர்களுக்குள் புழங்கும் கொச்சை வார்த்தைகளை அப்படியே போட்டு எழுதினார். பிள்ளைகள் அள்ளிக்கொண்டு போனார்கள். பள்ளிகளுக்குக் கோபம். லண்டனின் பெரிய பள்ளி ஒன்றில் தலைமை ஆசிரியை ஒருவர், இந்தப் புத்தகங்களையெல்லாம் சேர்த்து எரிக்கப்போவதாகக் காலை வழிபாட்டிலேயே அறிவித்தாராம். விற்பனைக்கு இதைவிட நல்ல விளம்பரம் வேண்டுமா?

இந்தக் கதைகளில் வளர்ந்த ஆண்களே ஏன் இல்லை? திரும்பப் படிக்கும்போது இந்தக் கேள்வி எழாமல் போகாது. அப்பா காரில் கொண்டுவந்து விடுவார், டெர்ம் முடிந்ததும் வந்து கூட்டிப் போவார், அவ்வளவுதான். பள்ளியை நடத்துவது, கணக்குப் பார்ப்பது, முடிவெடுப்பது, மலையேறக் கூட்டிப் போவது எல்லாம் பெண்கள். அதுவும் எல்லாருமே ‘மிஸ்’, திருமணமாகாதவர்கள். இதற்குப் பின்னால் இரண்டு வரலாற்றுக் காரணங்கள் உண்டு. முதல் உலகப்போரில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட பிரிட்டிஷ் ஆண்கள் இறந்தார்கள். 1921 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆண்களைவிடப் பெண்கள் சுமார் 17 லட்சம் அதிகம். இன்னொன்று, பல இடங்களில் ஆசிரியை கல்யாணம் செய்துகொண்டால் வேலை போய்விடும் என்ற விதி. இங்கிலாந்தில் 1944 கல்விச் சட்டம் வந்துதான் அந்தத் தடை நீங்கியது. ஆக, மாம்செல்லும் வகுப்பாசிரியை மிஸ் பாட்ஸும் தலைமை ஆசிரியை மிஸ் கிரேலிங்கும் தனியாக வாழ்ந்தது கதாசிரியையின் வசதிக்காக மட்டும் அல்ல. அப்படி வாழ்ந்த ஒரு தலைமுறையே இருந்தது. பத்து வயதில் அவர்கள் நமக்கு வெறும் டீச்சர்கள். நாற்பது வயதில் படிக்கும்போது டெர்ம் முடிந்து பெண்களெல்லாம் ரயிலேறிய பிறகு இவர்கள் எங்கே போவார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. புத்தகம் அதைச் சொல்வதில்லை.

பிளைட்டனைத் தாண்டி இன்னொரு பெயரைத் தெரிந்துகொள்ள வேண்டும்: எலினர் பிரென்ட்-டையர். 1925-இல் அவர் தொடங்கிய ஷாலே ஸ்கூல் வரிசை 1970 வரை, அவர் இறந்த மறுவருஷம் வரை, ஏறக்குறைய அறுபது புத்தகங்களாக நீண்டது. தொடங்கும் விதத்தில் நமக்கும் ஒரு சின்னத் தொடர்பு இருக்கிறது. மாட்ஜ் என்ற இருபத்துநாலு வயதுப் பெண்ணுக்கு அப்பா அம்மா இல்லை. கூடப் பிறந்த டிக் இந்தியாவில் வனத்துறையில் வேலை, விடுமுறை முடிந்து திரும்பியாக வேண்டும். தங்கை ஜோயிக்கு உடம்பு அடிக்கடி படுத்துகிறது, கையில் காசும் குறைவு. அதனால் செலவு குறைவான, காற்று நல்ல ஆஸ்திரியாவின் டைரோல் மலைப்பகுதிக்குப் போய், ஏரிக்கரையில் ஒரு வீட்டைப் பிடித்து, அங்கேயே பள்ளி தொடங்கிவிடுகிறாள். ஆங்கிலேய, பிரெஞ்சு, ஆஸ்திரியப் பெண்கள் சேர்ந்து படிக்கிறார்கள். ஒரு நாள் முழுக்க ஆங்கிலம், மறுநாள் பிரெஞ்சு, அதற்கு மறுநாள் ஜெர்மன் என்று முறைவைத்துப் பேச வேண்டும் என்ற விதி பின்னால் வந்து சேர்கிறது.

அப்புறம் 1938 வந்தது. ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கிவிட்டார். எழுதிக்கொண்டிருந்தவர் என்ன செய்வார்? கண்டுகொள்ளாமல் பனிச்சறுக்கையும் பிறந்தநாளையும் எழுதிக்கொண்டே போயிருக்கலாம். பிரென்ட்-டையர் அப்படிச் செய்யவில்லை. 1940-இல் வந்த புத்தகத்தில், தெருவில் ஒரு கும்பல் வயதான யூத நகைக்கடைக்காரரைத் துரத்தி அடிக்கிறது. ராபின் என்ற பெண் ஓடிப்போய் குறுக்கே நிற்கிறாள், பின்னாலேயே ஜோயியும் மற்றவர்களும். கும்பல் இவர்கள் பக்கம் திரும்ப, ஊர்ப் பாதிரியார் தேவாலயத்துக்குள் விட்டு ரகசிய வழியில் தப்ப வைக்கிறார். அங்கிருந்து மலை தாண்டி சுவிட்சர்லாந்துக்கு ஓட்டம். முந்தைய புத்தகங்களில் ஒரு சின்னப் பெண்ணைப் பெரியவள் சீண்டினால் தட்டிக்கேட்பதுதான் வீரம். அதே பழக்கம் இங்கே உயிரோடு விளையாடும் காரியமாகிவிடுகிறது. பள்ளிக்கதை வகையில் இவ்வளவு கனமான இன்னோர் அத்தியாயம் எனக்குத் தெரியாது. பள்ளியைக் காப்பாற்ற அதை இங்கிலீஷ் கால்வாயில் இருக்கும் கெர்ன்சி தீவுக்கு மாற்றினார் கதாசிரியை. பாவம், அதே வருஷம் ஜூன் கடைசியில் ஜெர்மானியர்கள் கெர்ன்சியையும் பிடித்துவிட்டார்கள். அடுத்த புத்தகத்தில் மறுபடியும் மூட்டை கட்டி, வேல்ஸ் எல்லைப் பக்கம் போகவேண்டியதாயிற்று.

பிளைட்டன் இதற்கு நேர்மாறு. அவருடைய இன்னொரு பள்ளிக்கதை வரிசையான செயின்ட் கிளேர்ஸின் ஆறு புத்தகங்களும் 1941-லிருந்து 1945-க்குள் வந்தவை, போரின் நடுவே. ஆனால் பள்ளிக்குள் போரின் வாடையே கிடையாது. அந்தப் பின்னணியில் விருந்துகளைப் பாருங்கள். இரவு பன்னிரண்டு மணிக்கு டார்ச் வெளிச்சத்தில் பெண்கள் பிரித்து வைப்பது: பன்றிக்கறி பை, சாக்லேட் கேக், டின் சார்டின், கண்டென்ஸ்டு மில்க், டின் அன்னாசிப் பழம், ஜிஞ்சர் பியர். பிரிட்டனில் உணவு ரேஷன் தொடங்கியது 1940 ஜனவரியில், முழுசாக முடிந்தது 1954 ஜூலையில். செயின்ட் கிளேர்ஸ், மாலரி டவர்ஸ் இரண்டுமே முழுக்க முழுக்க ரேஷன் காலத்தில் வெளியானவை. கூப்பனை வெட்டிக் கொடுத்து இத்தனை அவுன்ஸ் வெண்ணெய், இத்தனை மிட்டாய் என்று வாங்கிக்கொண்டிருந்த குழந்தைகள் அந்தப் பக்கங்களை எப்படிப் படித்திருப்பார்கள்! நம்மூர்ப் பிள்ளைகளுக்கும் அந்தச் சாப்பாடெல்லாம் எட்டாக்கனிதான், காரணம் வேறு. ஜிஞ்சர் பியரைக் குடித்தால் போதை வருமா என்று வகுப்பில் பெரிய விவாதமே நடந்திருக்கிறது. டின்னில் வந்த அந்த சார்டின் நம் மத்தி மீனின் சொந்தம்தான் என்று பின்னால் தெரிந்தபோது கொஞ்சம் சப்பென்று ஆகிவிட்டது.

இப்போது எனக்கு முக்கியமாகப் படும் விஷயத்துக்கு வருகிறேன். திரும்பப் படிக்கும்போது விருந்து சிறுத்துப் போகிறது, அந்த எழுதாத சட்டம் பெரிதாகத் தெரிகிறது. இந்தக் கதைகள் அடிப்படையில் வழக்கு விசாரணைகள். நீதிபதிகள் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பெண்கள்.

இரண்டாவது மாலரி டவர்ஸ் புத்தகத்தில் டாஃப்னி என்று ஒருத்தி. கப்பல் இருக்கிறது, மூன்று கார் இருக்கிறது என்கிற ரகத்தில் பெருமை பேசுகிறவள். உண்மையில் வீட்டில் பணம் இல்லை. மற்றவர்களின் பர்ஸைத் திருடுகிறாள். தடயத்தை ஒழிக்க எல்லாவற்றையும் பார்சல் கட்டி வைத்திருக்கிறாள். அவள்மேல் உயிரையே வைத்திருக்கும் பயந்தாங்கொள்ளி மேரி-லூ, உதவி செய்வதாக நினைத்து, புயல் அடிக்கும் இரவில் அதைத் தபாலில் சேர்க்கக் கிளம்பி, பாறைச் சரிவில் விழுந்துவிடுகிறாள். தேடிப் போகும் டாஃப்னி, பெல்ட்டுகளை முடிச்சுப் போட்டு இறக்கி, ஆள் வரும்வரை அவளைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறாள். மறுநாள் பள்ளிக்கே அவள் வீராங்கனை. அதற்குள் பார்சலும் பிரிந்துவிடுகிறது.

இங்கே தலைமை ஆசிரியை செய்வதைக் கவனியுங்கள். வீட்டுக்கு அனுப்பவில்லை, மன்னித்து மூடி மறைக்கவும் இல்லை. நீயே போய் உன் வகுப்பிடம் எல்லாவற்றையும் சொல், நீ இங்கே இருக்கலாமா என்று அவர்கள் முடிவு செய்யட்டும் என்கிறார். டாஃப்னி போய்ச் சொல்கிறாள். இருக்கட்டும் என்று வகுப்பு தீர்ப்புச் சொல்கிறது. சின்ன வயதில் இந்த இடத்தில் எனக்குக் கண் கலங்கியிருக்கிறது. இப்போதும் பிடிக்கிறது, பிள்ளைகளை இவ்வளவு நம்பும் பெரியவரை நிஜத்தில் பார்ப்பது அபூர்வம். ஆனால் கூடவே ஒரு நெருடல். பணமில்லாத பெண் இந்தக் கதைக்குள் வரவேண்டுமானால் திருடியாகவோ, பொய்க்காரியாகவோ வந்து நிற்க வேண்டியிருக்கிறது. அதே புத்தகத்தில் ஸ்காலர்ஷிப்பில் சேர்ந்த எலென் என்ற பெண்மேலும் சந்தேகம் விழுகிறது; படித்துப் படித்தே உடம்பைக் கெடுத்துக்கொள்கிறாள். மற்றவர்களுக்கு ஃபீஸ் யார் கட்டுகிறார்கள், படுக்கையை யார் தட்டிப் போடுகிறார்கள் என்ற கேள்வியே எழுவதில்லை.

சரி, இந்த நீதிமன்றம் யாரை மன்னிப்பதில்லை? குவென்டொலினை. முதல் நாளே ரயில் நிலையத்தில் அம்மாவையும் கவர்னஸ் மிஸ் விண்டரையும் கட்டிப்பிடித்து அழுதுகொண்டு வருகிறவள். கவர்னஸ் என்றதும் முன்னே சொன்ன வரலாறு ஞாபகம் வரவேண்டும். வீட்டுக்குள் பியானோவும் பிரெஞ்சுமாக வளர்க்கப்பட்ட பழைய காலத்துப் பெண் அவள். புதுப் பள்ளிகள் எதை மாற்ற வந்தனவோ, அதன் நடமாடும் உருவம். அதனால்தான் கதை அவளை ஆறு புத்தகமாக விடாமல் அடிக்கிறது. நீச்சல் குளத்தில் மேரி-லூவைத் தண்ணீருக்குள் அமுக்குகிறாள், டாரல் பளாரென்று அறைகிறாள். டாரல் அப்புறம் போய் மன்னிப்புக் கேட்கிறாள், எல்லாரும் பாராட்டுகிறார்கள். குவென்டொலின் மட்டும் அறை வாங்கியவளாகவே நிற்கிறாள். அவள் செய்ததை நியாயப்படுத்தவில்லை, செய்தது கொடுமைதான். ஆனால் வகுப்பின் குறும்புக்காரி அலீசியாவின் நாக்கு அவளுடையதைவிடக் கூர்மை. அது கூட்டத்துக்குச் சிரிப்பு வரவழைப்பதால் தப்பித்துவிடுகிறது.

கடைசிப் புத்தகத்தில் அவளுக்கு வரும் முடிவு கடுமையானது. சுவிட்சர்லாந்தில் பணக்காரப் பெண்களுக்கு நாசூக்குச் சொல்லித்தரும் பள்ளிக்கு அனுப்பியே ஆகவேண்டும் என்று அப்பாவை வதைத்து எடுக்கிறாள். அவர் உடல் நிலை மோசமாகி விழுந்துவிடுகிறார். சுவிட்சர்லாந்தும் இல்லை, பள்ளியை முடிக்கவும் இல்லை. பாதியில் கிளம்பி வேலை தேட வேண்டும். டாரலுக்கு அவள் எழுதும் கடிதத்தில்தான் முதல்முறையாக ஒரு மனுஷியின் குரல் கேட்கிறது. டாரலும் அவள் தோழி சாலியும் பல்கலைக்கழகம் போகிறார்கள், குதிரைப் பைத்தியங்கள் இரண்டு பேர் சேர்ந்து குதிரையேற்றப் பள்ளி தொடங்குகிறார்கள். எல்லாருக்கும் மாலை, அவளுக்கு மட்டும் சாட்டை. குழந்தையாகப் படித்தபோது ‘நல்லா வேணும்’ என்றுதான் நினைத்தேன். இப்போது அந்தப் பக்கத்தை அவ்வளவு வேகமாகத் திருப்ப முடியவில்லை.

இன்னொரு கேள்வியும் உண்டு: அந்தச் சட்டம் யாருடையது? செயின்ட் கிளேர்ஸுக்கு வரும் பிரெஞ்சுப் பெண் கிளாடின், ஆங்கிலேயப் பெண்களின் ‘கௌரவ உணர்வு’ என்ன என்று புரியாமல் விழிப்பாள். காப்பியடித்தால் என்ன, கொஞ்சம் பொய் சொன்னால் என்ன என்பாள். அவளை ஆங்கிலேயப் பெண்ணாக்குவதுதான் கதையின் வேலை. நேர்மை என்பது ஏதோ ஒரு நாட்டின் தனிச்சொத்து என்பதுபோல் எழுதியிருப்பது இன்று படிக்கையில் சிரிப்பை வரவழைக்கும். ஆனாலும் கிளாடின்தான் அந்த வரிசையிலேயே கலகலப்பான பெண். சட்டத்துக்கு வெளியே நிற்கிறவளை எழுதும்போது பிளைட்டனின் கை தானாகவே இளகிவிடுகிறது.

சரி, எதிலிருந்து தொடங்குவது? ஒன்பது பத்து வயதுப் பிள்ளைக்கு மாலரி டவர்ஸ் முதல் புத்தகம். வரிசையாகப் படித்தால் டாரலோடு கூடவே வளரலாம். டாரலின் அப்பா ஒரு சர்ஜன், முதல் புத்தகத்திலேயே பள்ளித் தோழிக்கு குடல்வால் ஆபரேஷன் செய்வார். பிளைட்டனின் இரண்டாவது கணவரும் சர்ஜன், அவர் பெயர் கென்னத் டாரல் வாட்டர்ஸ். பிள்ளைகளுக்கு இதுபோன்ற துணுக்குகள் ரொம்பப் பிடிக்கும். பெரியவர்கள் புதிதாகத் தொடங்குவதானால் ஷாலே ஸ்கூலின் 1940 புத்தகத்தை எடுங்கள், முந்தையவற்றைப் படிக்காமலும் புரியும். பழைய புத்தகக் கடையில் கிடைத்தால் எந்தப் பதிப்பு என்று பாருங்கள். 1967-லிருந்து ஆர்மடா வெளியிட்ட பேப்பர்பேக்குகளில் பல சுருக்கப்பட்டவை, சிலவற்றில் அத்தியாயங்களே காணாமல் போயிருக்கும். பிளைட்டனின் புதிய பதிப்புகளிலும் காலத்துக்கு ஏற்ப வார்த்தைகளை மாற்றியிருக்கிறார்கள். வேறொரு வரிசையில் 2010-இல் அப்படி மாற்றிப் பார்த்துவிட்டு, எடுபடவில்லை என்று 2016-இல் பதிப்பகமே பழைய மொழிக்குத் திரும்பியது.

2009-இல் பமீலா காக்ஸ் என்பவர் டாரலின் தங்கை ஃபெலிசிட்டியை வைத்து மாலரி டவர்ஸை மேலும் ஆறு புத்தகம் நீட்டித்தார். ஜெர்மனியில் செயின்ட் கிளேர்ஸின் இரட்டையர்கள் ஹன்னி, நன்னி என்ற பெயரில் 1965-லிருந்து வாழ்கிறார்கள்; பிளைட்டன் எழுதாத கதைகளும் அவர்கள் பெயரில் ஏராளம். அதையெல்லாம் இப்போதே வாங்கிக் குவிக்க வேண்டாம். முதல் ஆறை முடித்துவிட்டு, இன்னும் வேண்டும் என்று மகளே வந்து கேட்கட்டும்.